மரமில்லாமல் நிழல் விழலாமா? பிசாரோவின் 'உறைபனி'யை முன்வைத்து

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஓவிய வகுப்பில் ஒரு வயல்காட்சி வரைந்தீர்கள். படத்துக்குள் இல்லாத மரத்தின் நிழல் அந்த வயலில் விழுந்திருந்தது. "மரத்தைக் காட்டு, இல்லாவிட்டால் நிழலை எடு" என்றார் ஆசிரியர். நண்பர் ஒருவரோ ஓவியர் கமில் பிசாரோ 1873இல் வரைந்த 'உறைபனி' படத்தை அனுப்பி, "பெரிய ஆளே இப்படித்தான் போட்டிருக்கிறார், பார்" என்றிருக்கிறார். வயல் முழுக்கக் கோடு கோடாக நிழல். அதற்குரிய மரங்களைக் காணோம். யார் சரி, ஆசிரியரா பிசாரோவா? பிசாரோதான் சரியென்றாலும், விறகு சுமந்து ஒருவர் நடந்து போகும் வெறும் வயலை ஏன் இத்தனை பேர் கொண்டாடுகிறார்கள்? உங்கள் கேள்விகள் இவை. எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. ஒரு படம் தனக்குத் தேவையான எல்லாவற்றையும் தன் சட்டத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டுமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது.

நான் எண்ணெய் வண்ணத்தில் நிலக்காட்சி வரைபவன், பல வருடங்களாகச் சொல்லியும் கொடுக்கிறேன். கலை வரலாற்றில் ஆய்வு செய்தவன் அல்ல. வண்ணம், நிழல், தூரிகை பற்றிச் சொல்வதைத் தைரியமாகச் சொல்வேன். பிசாரோ மனதில் என்ன ஓடியது என்கிற இடம் வரும்போது ஊகத்தை ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் ஆசிரியருக்கு ஒரு நல்ல செய்தி: அவர் சொன்ன குறையை 1874லேயே ஒரு முக்கியமான விமர்சகர் சொல்லிவிட்டார், அதுவும் இதே ஓவியரைப் பற்றி. அந்த வருடம் ஏப்ரல் 15 அன்று, பாரிஸில் புகைப்படக்காரர் நாதார் முன்பு ஸ்டூடியோ வைத்திருந்த கட்டடத்தில், 30 கலைஞர்கள் சேர்ந்து தங்கள் சொந்தச் செலவில் ஒரு கண்காட்சி நடத்தினார்கள். அரசின் சலோன் கண்காட்சியில் நடுவர் குழு தயவுக்குக் காத்திருந்து அலுத்துப்போனவர்கள் பலர் அதில் இருந்தார்கள். நுழைவுக்கட்டணம் ஒரு பிராங்க். மோனே, ரெனுவார், டேகா, செசான், சிஸ்லி, பெர்த் மோரிசோ எல்லாரும் அதில் உண்டு. இன்று அதைத்தான் முதல் இம்ப்ரெஷனிஸ்ட் (கணநேர ஒளியையும் வண்ணத்தையும் பிடிக்க முயன்ற ஓவியர்கள்) கண்காட்சி என்கிறோம். பிசாரோ ஐந்து நிலக்காட்சிகள் வைத்தார், அவற்றில் 'உறைபனி'யும் ஒன்று. அதைப் பார்த்த கஸ்தன்யாரி என்ற விமர்சகர் 'லெ சியெக்கிள்' நாளிதழில் ஏப்ரல் 29 அன்று எழுதினார்: சட்டத்துக்கு வெளியே நிற்கும் மரங்களின் நிழலை வயலில் விழவைப்பது பெரிய பிழை, பார்வையாளர் அந்த மரங்களைக் காண முடியாமல் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று. உங்கள் ஆசிரியர் சொன்னதும் கிட்டத்தட்ட இதே வார்த்தைகள்தான். கஸ்தன்யாரி பழமைவாதி அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் குழுவை அனுதாபத்தோடு பார்த்த சிலரில் அவரும் ஒருவர். அவருக்கே இது இடறியது.

இன்னொருவர் இதே படத்தை வைத்துச் சிரிப்புக் காட்டினார். லூயி லெருவா, 'லெ ஷரிவரி' என்ற நையாண்டிப் பத்திரிகையில் ஏப்ரல் 25 அன்று எழுதிய கட்டுரையில், ஒரு கற்பனை ஓவியரைக் கண்காட்சிக்கு அழைத்துப் போகிறார். பழைய பாணியில் ஊறிய மனிதர் அவர். பிசாரோவின் படத்தின் முன்னால் நின்றதும் தன் கண்ணாடிதான் மங்கிவிட்டது என்று நினைத்துத் துடைத்துக்கொள்கிறார். ஆழமாக உழுத சாலின்மேல் உறைபனி படிந்திருக்கிறது என்று விளக்கியதும் அவருக்குப் பொறுக்கவில்லை. இதுவா சால், இதுவா பனி, அழுக்குத் துணியில் வண்ணத்தட்டைச் சுரண்டி ஒரே சீராக அப்பியிருக்கிறது, இதற்குத் தலையும் இல்லை வாலும் இல்லை, மேலும் இல்லை கீழும் இல்லை, முன்னும் இல்லை பின்னும் இல்லை என்று பொரிந்து தள்ளுகிறார். லெருவா அந்தப் படத்தை 'உழுத வயல்' என்றுதான் குறிப்பிடுகிறார். ஆனால் உறைபனியைப் பற்றி அவரே பேசுவதால் இந்தப் படம்தான் என்று பொதுவாக எல்லாரும் ஏற்கிறார்கள்.

இந்த இருவரையும் இன்று முட்டாள்கள் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. லெருவாவின் கேலியில் ஒவ்வொரு சொல்லும் துல்லியமான கவனிப்பு. அன்றைய நிலக்காட்சிக்கு ஓர் இலக்கணம் இருந்தது. முன்னால் கருத்த நிலமும் ஓரத்தில் ஒரு பெரிய மரமும் இருக்கும், நடுவில் வெளிச்சம் விழும் இடமும் அதில் ஆற்றங்கரையோ மாடோ மனிதரோ, கடைசியில் நீலம் பாய்ந்த தூரத்து மலை. கண் படிப்படியாக உள்ளே போகும்; முன், பின் எது என்று யாருக்கும் சந்தேகம் வராது. 'உறைபனி'யில் அந்த ஏற்பாடே இல்லை. அடிவானம் மிக உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 65க்கு 93 சென்டிமீட்டர் துணியில் பெரும்பகுதி வெறும் தரைதான். அந்தத் தரையில் உழவுசால்கள் ஒரு சாய்வில் போகின்றன, நிழல்கள் அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வேறு சாய்வில் போகின்றன. அருகில் இருக்கும் மண்ணுக்கும் தள்ளியிருக்கும் மண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே தடிமனில் வண்ணம். முன்னும் இல்லை பின்னும் இல்லை என்று ஒருவருக்குத் தோன்றினால் ஆச்சரியமில்லை. அதை அவர் குறையாக எடுத்துக்கொண்டார், நான் அந்தப் படத்தின் வேலையாக எடுத்துக்கொள்கிறேன்.

சரி, நிழலுக்கு வருவோம். பொந்துவாஸ் ஊர் பாரிஸுக்கு வடமேற்கே சுமார் 30 கிலோமீட்டரில், வாஸ் ஆற்றின் கரையில் இருக்கிறது. அங்கிருந்து என்னெரி கிராமத்துக்குப் போகும் பழைய சாலைதான் படத்தில் இருப்பது. முழுத் தலைப்பே அப்படித்தான் சொல்கிறது. அந்த இடம் ஏறக்குறைய 49 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் உச்சிவேளையில்கூட அங்கே சூரியன் அடிவானத்துக்கு மேல் 17, 18 டிகிரிதான் ஏறும். அதாவது நண்பகலிலேயே நிழல் பொருளின் உயரத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் நீளும். காலையில் சூரியன் 10 டிகிரியில் இருக்கும்போது கணக்குப் போட்டால் ஐந்தரை மடங்குக்கும் மேல். 20 மீட்டர் உயர மரம் ஒன்றின் நிழல் 110 மீட்டரைத் தாண்டிப் போகும். நம் ஊர் நண்பகலில் மரத்தடியிலேயே சுருண்டு கிடக்கும் நிழலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, மரம் ஓரிடம் நிழல் ஓரிடம் என்பது விசித்திரமாகப் படலாம். அந்த வயலில் குளிர்காலக் காலையில் நிற்பவருக்கு அதில் எந்த விசித்திரமும் இல்லை. மரத்தைக் காட்டத்தான் வேண்டும் என்றால் பிசாரோ வேறெங்கோ போய் நின்று வேறொரு படம் வரைந்திருக்க வேண்டும். அவை பாப்லர் மரங்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். சாலையோரத்தில் வரிசையாக, நெட்டையாக நடப்படும் மரம் என்பதால் அது நல்ல ஊகம். ஆனால் நிழலை மட்டும் வைத்து மரத்தின் இனத்தைச் சத்தியம் செய்ய முடியாது.

நிழல் இந்தப் படத்தில் வெறும் கோலத்துக்காகப் போட்டது அல்ல என்பது உறைபனியைப் புரிந்துகொண்டால்தான் தெரியும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை இழந்து பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும்போது, காற்றிலுள்ள நீராவி தண்ணீராகாமல் நேரடியாகப் பனிப்படிகமாகப் புல்லிலும் மண்கட்டியிலும் ஒட்டிக்கொள்கிறது. காலையில் வெயில் பட்ட இடத்தில் அது முதலில் கரையும், நிழலுக்குள் அதிக நேரம் தங்கும். ஜனவரியில் ஊட்டிப் பக்கம் காலையில் புல்வெளியைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆகவே மரநிழல் வயலின் குறுக்கே நகர நகர, எங்கே வெள்ளை எங்கே ஈரமண் என்பதும் மாறிக்கொண்டே வரும். படத்தின் பெயர் 'உறைபனி'. அந்தப் பனியின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்த நிழல். கஸ்தன்யாரி சொன்னபடி நிழலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெளிறிய ஒரு வயல் மட்டுமே. பனி எந்த நேரத்துப் பனி, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கும் என்பது போய்விடும்.

வண்ணத்திலும் இதே கதைதான். பழைய முறையில் நிழல் என்றால் பழுப்பு. வெளிச்சத்தின் நிறத்தோடு கொஞ்சம் கருப்பும் மண்நிறமும் கலந்து இருட்டாக்குவார்கள். திறந்தவெளியில் அப்படி இல்லை. சூரிய ஒளி தடுக்கப்பட்ட இடத்துக்கும் வானத்தின் ஒளி வந்துகொண்டுதான் இருக்கிறது. தெளிந்த வானம் நீலம், ஆகவே நிழலும் நீலம் பாய்ந்திருக்கும். தரை வெள்ளையாக இருந்தால் அது இன்னும் தெளிவாகத் தெரியும். 'உறைபனி'யில் வெயில் பட்ட மண் காவியும் இளமஞ்சளுமாக இருக்கிறது. நிழல்பட்டைகள் நீலமும் சாம்பல்பச்சையுமாகக் குளிர்கின்றன. இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம் குறைவு, சூட்டுக்கும் குளிருக்கும் உள்ள வித்தியாசம் அதிகம். மாணவர்களிடம் இந்தப் படத்தைக் கருப்புவெள்ளையாக மாற்றிப் பார்க்கச் சொல்வேன். மாற்றினால் பாதிப் படம் காணாமல் போய்விடும்.

இதை அவர் முழுக்க வயலிலேயே நின்று வரைந்தாரா என்று நண்பர் கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஓவியனாக என் பதில்: ஒரே அமர்வில் வரைந்திருக்க வாய்ப்பில்லை. இந்தப் படத்தில் காய்ந்த வண்ணத்தின் மேல் மீண்டும் காய்ந்த, தடித்த வண்ணத்தை உரசிப் படியவைத்த தடங்கள் இருக்கின்றன. பனி மூடிய மண்ணின் சொரசொரப்பு அப்படித்தான் வருகிறது. எண்ணெய் வண்ணம் அந்த நிலைக்குக் காயச் சில நாட்களாவது ஆகும். பனியோ வெயில் ஏறியதும் போய்விடும். ஆகவே ஒன்று, இதேபோன்ற பல காலைகளில் திரும்பத் திரும்ப அதே இடத்துக்குப் போயிருக்க வேண்டும். அல்லது வெளியில் தொடங்கி வீட்டில் முடித்திருக்க வேண்டும். எது என்று படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இம்ப்ரெஷனிஸ்டுகள் எல்லாவற்றையும் அரைமணி நேரத்தில் வெளியிலேயே முடித்துவிட்டார்கள் என்ற பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். லெருவா கேலி செய்த 'சுரண்டல்' உண்மையில் நிதானமான வேலை.

ஓரத்தில் வெட்டப்பட்ட இந்தச் சட்டகம் புகைப்படத்திலிருந்து வந்தது, ஜப்பானிய மரக்கட்டை அச்சுப்படங்களிலிருந்து வந்தது என்றெல்லாம் படிப்பீர்கள். இரண்டும் அன்றைய பாரிஸில் இருந்தன. பிற்காலத்தில் பிசாரோ ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயை வியந்து எழுதியதும் உண்மை. ஆனால் 1873இல் இந்தப் படத்துக்கு அவைதான் காரணம் என்பது ஊகம். வயலில் நின்று நேராகப் பார்க்கிற எவருக்கும் உலகம் ஓரத்தில் வெட்டுப்பட்டுத்தான் தெரியும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாமே.

அடுத்து உங்கள் இரண்டாவது கேள்வி, அந்த விறகுக்காரர். முதுகில் சுள்ளிக்கட்டு, கையில் கோல், குளிரில் குனிந்த நடை. முகம் இல்லை, சில தூரிகைத் தீற்றல்கள்தான். இதே காலத்தில் பிரெஞ்சுக் கிராமத்தை வரைந்தவர்களில் பெரிய பெயர் மியே. அவருடைய 'கதிர் பொறுக்கும் பெண்கள்' 1857இல் வந்தது. அதில் உழைப்பாளிகள் படத்தின் நடுவில், சிலைபோலக் கனத்து நிற்கிறார்கள். பார்ப்பவர் இரக்கப்பட வேண்டும் அல்லது வணங்க வேண்டும். பிசாரோவின் மனிதரிடம் அந்தக் கோரிக்கை இல்லை. அவர் மண்ணின் நிறத்தோடு கலந்து, சால், நிழல் இவற்றுக்கு நடுவே இன்னொரு கோடாக நடந்து போகிறார். வேலைக்குப் போகிறவரை வழியில் பார்த்தால் எப்படிப் பார்ப்போமோ அப்படி. இந்தச் சமநிலைதான் எனக்கு இந்தப் படத்தில் மிகப் பிடித்தது. மியேயை ரசிப்பவர்கள் கோபிக்க வேண்டாம். இது என் ருசி.

பிசாரோ பின்னாளில் தன்னை அனார்கிஸ்ட், அதாவது அரசதிகாரமே வேண்டாம் என்பவர், என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர். அதனால் இந்த விறகுக்காரரிடமும் அரசியலைத் தேடுகிறவர்கள் உண்டு. 1880களில் அவர் கொண்ட கருத்தை 1873க்கு இழுத்துப் பொருத்துவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஆனால் எதை வரைவது என்பதில் அவருக்குப் பிடிவாதம் இருந்தது நிச்சயம். கஸ்தன்யாரியே அதே கட்டுரையில், இந்த மனிதருக்குக் காய்கறித் தோட்டங்கள் மேல் வருந்தத்தக்க மோகம், முட்டைக்கோஸை வரையக்கூடத் தயங்குவதில்லை என்று அலுத்துக்கொள்கிறார். பொந்துவாஸைச் சுற்றி இருந்தது அதுதான்: கோட்டையும் அருவியும் அல்ல, பாரிஸ் சந்தைக்குக் காய்கறி விளைவிக்கும் நிலம். 1873 டிசம்பரில் நண்பரும் விமர்சகருமான தியோதோர் துரே பிசாரோவுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. சிஸ்லியின் அலங்கார உணர்வோ மோனேயின் அதிசயக் கண்ணோ உங்களிடம் இல்லை, ஆனால் அவர்களிடம் இல்லாத ஒன்று, இயற்கையோடு ஆழ்ந்த நெருக்கம், உங்களிடம் இருக்கிறது, நாட்டுப்புறத்தையே பிடித்துக்கொள்ளுங்கள் என்கிற தொனியில் அது போகும். பாராட்டா குத்தலா என்று தெரியாத வகைக் கடிதம். ஆனால் 'உறைபனி'க்கு அதைவிடப் பொருத்தமான விமர்சனம் அன்று யாரும் எழுதவில்லை.

பிசாரோ எப்படி இந்த இடத்துக்கு வந்தார் என்பதைச் சில வரிகளில் சொல்கிறேன். பிறந்தது 1830இல், கரீபியனில் டென்மார்க்கின் வசம் இருந்த செயின்ட் தாமஸ் தீவில், ஒரு யூத வணிகக் குடும்பத்தில். 1855இல் பாரிஸ் வந்து, நிலக்காட்சி ஓவியர் கோரோவிடம் பாடம் கேட்டார். 1870இல் பிரான்சுக்கும் புரூசியாவுக்கும் மூண்ட போரில் லண்டனுக்குத் தப்பிப் போனார். அங்கே மோனேயும் இருந்தார். இருவரும் ஆங்கில ஓவியர்கள் டர்னர், கான்ஸ்டபிள் படங்களைப் பார்த்தார்கள். திரும்பி வந்தபோது பாரிஸ் அருகே லூவ்சியேனில் விட்டுவந்த வீட்டில் புரூசிய வீரர்கள் தங்கியிருந்து, அவருடைய படங்களில் மிகப் பெரும்பாலானவற்றை நாசமாக்கியிருந்தார்கள். 1872இல் பொந்துவாஸுக்குக் குடிபோய்ப் பத்து வருடம் அங்கே இருந்தார். செசான் வந்து பக்கத்தில் நின்று வரைந்து பழகியதும் அப்போதுதான். நாற்பது வயதைக் கடந்து, கிட்டத்தட்ட கையிருப்பு இல்லாமல் மறுபடி தொடங்கிய ஒருவரின் படம் இது. கண்காட்சி திறக்கச் சில நாட்களுக்கு முன் அவருடைய சிறு மகள் இறந்துபோனாள். கண்காட்சியும் நட்டத்தில் முடிந்து, வருடக் கடைசியில் அதை நடத்திய கலைஞர்களின் சங்கத்தையே கலைத்தார்கள். ஆளுக்கு 184 பிராங்க் 50 சென்டைம் கடன் விழுந்தது. இத்தனைக்கும் பிறகு, 1886 வரை நடந்த எட்டுக் கண்காட்சிகளிலும் படம் வைத்த ஒரே ஆள் அவர்தான்.

கடைசியாக, உங்கள் படம். அதைப் பார்க்காமல் ஆசிரியர் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். வெளியிலிருந்து விழும் நிழலைப் போடலாம், ஆனால் அதற்கு வேலை அதிகம். மரம் கண்ணுக்குத் தெரிந்தால் நிழல் கொஞ்சம் தப்பாக இருந்தாலும் பார்ப்பவர் மன்னித்துவிடுவார். மரம் இல்லாதபோது நிழல் தானே தன்னை நிரூபித்துக்கொள்ள வேண்டும். முதலில், படத்தில் உள்ள எல்லா நிழலும், அந்த விறகுக்காரரைப் போன்ற சின்ன உருவத்தின் நிழல் உட்பட, ஒரே சூரியனுக்குக் கட்டுப்பட வேண்டும். அடுத்து, நிழல் தரையின் வடிவத்தைச் சொல்ல வேண்டும்: வரப்பில் ஏறி, சாலில் இறங்கி, விளிம்பு வளைந்து போக வேண்டும், மாணவர்கள் பெரும்பாலும் அளவுகோல் வைத்தாற்போல் நேர்க்கோடு இழுத்துவிடுவார்கள், அது தரையில் விழுந்த நிழலாக அல்லாமல் துணியில் ஒட்டிய பட்டையாகத் தெரியும். மூன்றாவது, விளிம்பின் கூர்மை. சூரியன் புள்ளி அல்ல, வானத்தில் அரை டிகிரி அகலமுள்ள தட்டு. அதனால் நிழலைத் தரும் பொருள் நூறு மீட்டர் தள்ளி இருந்தால், நிழலின் ஓரம் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலத்துக்குக் கலங்கியிருக்கும். தூரத்து மரத்தின் உச்சிநிழலைக் கத்தி விளிம்பாக வரைந்தால் மரம் பக்கத்திலேயே நிற்பதாகக் கண் நினைக்கும், பிறகு அதைத் தேடும். "மரம் எங்கே" என்று உங்கள் ஆசிரியர் கேட்டதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம். நிழலை அழிப்பதற்கு முன் அதன் விளிம்புகளை மட்டும் ஒருமுறை தளர்த்திவிட்டு, அவரிடமே திரும்பக் காட்டிப் பாருங்கள். 'உறைபனி' பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கைபேசியில் கிடைக்கும் பிரதிகளில் பல நீலத்தைக் கூட்டிவிடுகின்றன, ஆகவே அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் உள்ள படத்தையே பெரிதாக்கி, நிழலின் ஓரங்களை அவர் எப்படிக் கையாண்டிருக்கிறார் என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.